எங்கள் ஈராசிரியர் பள்ளிக்காக மூன்றாவது முறையாகக் கொடுக்கும் மனு

அனுப்புநர்: தலைவி, பள்ளி மேலாண்மைக் குழு, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்: முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆசிரியரைப் பயிற்சிக்கு அழைக்கும் நாளில் வட்டார வள மையத்திலிருந்து மாற்று ஆள் அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வள மையத்தில் நேரில் கொடுத்த மனு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு (ரசீது நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியாததல்ல. போன வருடம் வந்தபோது குளத்துக்கரையில் ஜீப்பைத் திருப்ப இடமில்லாமல் மறுகால் வரைக்கும் போய்த் திருப்பினார்களே, அந்தப் பள்ளிக்கூடம்தான்.

1. இங்கே 5 வகுப்பு, 41 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். 60 பிள்ளைகள் வரை 2 பேர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இருப்பதால் மூன்றாவது ஆளை நாங்கள் கேட்கவில்லை.

2. பயிற்சி, கூட்டம், நோட்டுக் கட்டு எடுக்க, விவரம் கொடுக்க என்று வள மையத்திலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு டீச்சர் 7.40 பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3 வரை ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அன்றைக்கு 4, 5-ஆம் வகுப்பையும் சேர்த்து அந்த ஒரே டீச்சர்தான் பார்க்க வேண்டும்.

3. போன மாதம் ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போன அன்று இன்னொருவருக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியரும் இல்லை. சத்துணவு ஆயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் பீடி சுற்றுகிறவள். புகையிலைத் தூசி பிள்ளைகளுக்கு ஆகாது என்று பீடித் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அன்றைய கூலி போனது, அது கிடக்கட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டியது. 52-இல் 27 கழிக்க வேண்டும். விடை எனக்குத் தெரியும் ஐயா. பீடிக் கணக்குப் போட்டுப் பழகியவளுக்கு அது நொடியில் வரும். 2-இல் 7 போகாதே, பக்கத்தில் எதற்குக் கடன் வாங்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத்தான் தெரியவில்லை. 25 என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அது சிலேட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, "அத்த, டீச்சர் எப்ப வருவாவ?" என்றது. நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.

4. பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லிக்கொடுப்பது தனி வேலை என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. முனைஞ்சிப்பட்டியில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிற மாவட்டம் இது. வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வந்து, வகுப்பில் உட்கார்ந்து, டீச்சருக்குக் கைகொடுக்கத்தானே வள மையம்? இங்கே போட்டோ அனுப்பச் சொல்லிப் போன்தான் வருகிறது. வள மையங்களை நடத்தும் அனைவருக்கும் கல்வித் திட்டம் 2018-இல் சமக்ர சிக்ஷா என்று பெயர் மாறியது. பெயர் மாறினால் ஆள் வந்துவிடுமா?

5. மனு கொடுத்தால் "மேலே அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். மேலே என்றால் தாங்கள்தானே ஐயா? இல்லை, தங்களுக்கும் மேலே என்றால் அந்த முகவரியையாவது கொடுங்கள்.

6. டீச்சரை அழைக்கும் நாளில் பயிற்றுநர் ஒருவரை இங்கே அனுப்புங்கள். முடியாவிட்டால் பயிற்சியைப் பக்கத்துப் பள்ளிகளுக்கான குறுவள மையத்தில் சனிக்கிழமை வையுங்கள். நோட்டுக் கட்டை வண்டியில் அனுப்புங்கள். டீச்சர் பஸ்ஸில் சுமந்து வர வேண்டாம்.

வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த அழைப்பு வந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு ஆளை மட்டும் அனுப்பி வையுங்கள் ஐயா. தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவி மற்றும் பெற்றோர்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)