ரிசர்வுக்குத் திருப்பினால் நிற்கும் வண்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. முழங்கால் தேறி மறுபடி வண்டியை எடுத்துவிட்டாய் என்று படித்ததும் அப்படி ஒரு நிம்மதி. அதைவிடப் பெரிய சந்தோஷம், உன் அப்பாவின் மோட்டார் சைக்கிளை நீ விற்காமல் வைத்திருப்பது. நாம் படித்த காலத்தில், சாவியைக் கையில் கொடுக்கும் முன் அவர் ஒருதரம் குனிந்து டேங்க்குக்கு அடியில் ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருப்புகிற பெட்ரோல் டேப்பைத் தொட்டுப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? எதற்கு என்று அப்போது நாம் கேட்டதேயில்லை. நீ எழுதியிருக்கும் தொல்லை அந்த டேப்பில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் நலம். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. காலை வேளையெல்லாம் என் பழைய வண்டியோடுதான் போகிறது. மகன் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறான். அதில் டேப்பே கிடையாது. பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் குறைந்தால் விளக்கு எரியும். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருக்காதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அந்தப் பம்ப் சூடாகாமல் காக்கிறது.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். ஆன் நிலையில் நன்றாக ஓடுகிறது என்கிறாய். பெட்ரோல் குறைந்து திணறியதும் ரிசர்வுக்குத் திருப்பினால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. வண்டியை ஆட்டினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்கிறது. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்புகிறது, அப்புறம் மறுபடி நிற்கிறது. மெக்கானிக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார். தயவுசெய்து இப்போதைக்கு அதில் கை வைக்காதே. ஆனில் ஒழுங்காக ஓடும் கார்புரேட்டர், ரிசர்வுக்குத் திருப்பியதும் கெட்டு, டேங்க் நிரப்பியதும் தானாகச் சரியாகுமா? திருப்பும்போது மாறுவது பெட்ரோல் வெளியேறும் வாய் ஒன்றுதான்.

ரிசர்வ் என்றால் தனித் தொட்டி என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. டேப்பின் தலையிலிருந்து ஒரு சிறு குழாய் டேங்க்குக்குள் நிமிர்ந்து நிற்கிறது. ஆன் நிலையில் அதன் உச்சி வழியாகப் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த உச்சிக்குக் கீழே போனதும் அது வறண்டுவிடும். ரிசர்வின் வாயோ கீழே, டேங்க்கின் தரையை ஒட்டி இருக்கிறது. துரு, உள்ளே உரிந்த பூச்சு, தூசி எல்லாம் போய்ப் படிவது அந்த இடத்தில்தான். தண்ணீரும் அங்கேதான் சேரும். ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ என்றால் ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோதான். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சங்கடம் உண்டு. தண்ணீர் அளவு மீறிப் போனால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். நீ எப்போதும் டேங்க்கை நிரப்பியே வைக்கிற ஆள். அந்தக் கீழ்வாய் எத்தனை வருஷமாகத் திறக்கப்படாமல் கிடக்கிறதோ.

நீ எழுதியதில் எனக்குப் பெரிய தடயம் அந்தப் பத்து நிமிடம். அடைப்பு முழுதாக இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கிளம்பாது. காத்திருந்தால் கிளம்புகிறது என்றால் சொட்டுச் சொட்டாக இறங்கி, கார்புரேட்டரின் கிண்ணம் மெல்ல நிரம்புகிறது. அதில் பிடிப்பதே சில பத்து மில்லிதான். அது தீர்ந்ததும் வண்டி நிற்கிறது. மின்சாரக் கோளாறு என்றால் பெரும்பாலும் விளக்கை அணைத்தாற்போல் படக்கென்று நிற்கும். இது இரைக்க இரைக்க வலு குறைந்து நிற்கிறது. அடுத்த முறை திணறும்போது, காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கை லேசாக இழுத்துப் பார். ஓரிரு நொடி தெம்பு வந்தால் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம்.

இனி சோதனை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். திறந்தவெளியில் செய், பக்கத்தில் எந்த நெருப்பும் கூடாது, டேங்க்குக்குள் பார்க்க டார்ச் மட்டும்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவிப் போய் எங்கோ இருக்கும் பொறியில் பற்றும். இதில் நீ அவசரப்படக் கூடாது, நான் கெஞ்சியே கேட்கிறேன்.

டேப்பை அடைத்துவிட்டு, அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்று. அளவுக் கோடு போட்ட ஒரு பாட்டிலுக்குள் விடு. ஆனில் ஒரு நிமிடம் பிடித்து அளவைக் குறித்துக்கொள். அப்புறம் மட்டம் குறைவாக இருக்கும் நாளில் ரிசர்வில் ஒரு நிமிடம். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு மணி நேரத்தில் 1.5 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 25 மில்லி. ஏற்றத்திலும் வேகத்திலும் இன்னும் அதிகம் கேட்கும் என்பதால் பாட்டிலில் அதைப் போலப் பல மடங்கு விழ வேண்டும், நூல் அறாத தாரையாக. இதே தொல்லை வந்த என் வண்டியில் ரிசர்வில் விழுந்தது 15 மில்லி. நின்ற இடத்தில் இன்ஜின் ஏன் சமர்த்தாக ஓடியது, சாலையில் ஏன் நின்றது என்பது அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

தாரை நன்றாகத் தொடங்கி மெல்ல மெல்ல மெலிந்தால் உடனே டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே போய்த் தாரை பழையபடி பெருத்தால் குற்றம் மூடியின் காற்றுத்துளையில் இருக்கிறது. பெட்ரோல் இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் எதுவும் இறங்காது.

ரிசர்வ் தாரை மட்டும் நோஞ்சானாக இருந்தால் டேங்க்கை வடித்துவிட்டு டேப்பைக் கழற்று. வடித்ததைக் கண்ணாடிப் பாத்திரத்தில் சற்று நேரம் வைத்துப் பார். அடியில் குமிழ் குமிழாகத் தண்ணீர் தெரியும், துருவும் செம்மண் போல் படியும். டேப்பின் வலையை மென்மையான பிரஷ்ஷால் கழுவு. கம்பியால் குத்தாதே, வலை கிழிந்தால் கசடு நேராகக் கார்புரேட்டருக்குப் போகும். நிமிர்ந்த குழாய் உறுதியாக நிற்கிறதா என்றும் அசைத்துப் பார். அது விரிசல் விட்டாலோ கழன்று விழுந்தாலோ ஆனிலேயே கடைசிச் சொட்டு வரை தீர்ந்துவிடும், முன்னறிவிப்பே இருக்காது. டேப்புக்குள் இருக்கும் துளை போட்ட ரப்பர் வாஷர் காய்ந்து இறுகியிருந்தால் கையோடு மாற்றிவிடு. ஆஃப் நிலையிலும் கசிவது பெரும்பாலும் அதனால்தான்.

டியூப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அது என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. டேப்பைச் சுத்தம் செய்த பிறகும் என் வண்டி மட்டம் குறைந்தால் திணறியது. டேங்க்கைத் தூக்கி வைத்துச் சோதித்தால் தாரை அருமையாக விழும். போல்ட் போட்டு இறுக்கி ஓட்டினால் திணறல். ஒரு நாள் இறுக்கிய நிலையிலேயே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். நான் போட்ட புது டியூப் இரண்டு விரல்கடை நீளம் அதிகம். டேங்க் உட்காரும்போது அது மடிந்து நசுங்கியது. டேங்க் நிறைந்திருந்தால் மேலிருக்கும் பெட்ரோலின் அழுத்தம் அந்த மடிப்பையும் தாண்டித் தள்ளிவிட்டது. மட்டம் இறங்கியதும் முடியவில்லை. அதனால் சோதனையைக் கடைசியாக ஒருமுறை, எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு செய். பழைய டியூப் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பித் துவாரம் சுருங்கியிருக்கலாம், ஊதிப் பார். இடையில் ஃபில்டர் மாட்டியிருந்தால் அது தானாக இறங்கும் பெட்ரோலுக்கு ஏற்றதா என்றும் கவனி. பம்ப் உள்ள வண்டிக்கான காகித ஃபில்டர் சிலவற்றில் வெறும் எடையால் இறங்கும் பெட்ரோல் தயங்கி நிற்கும்.

இதற்கிடையில் வழியில் நின்றுவிட்டால் ஒன்று செய். உன் டேங்க் சட்டத்தின் முதுகுக் குழாய்மேல் சேணம் போல் உட்கார்ந்திருக்கிறது. டேப் இடப்பக்கம் மட்டும். கடைசிப் பெட்ரோலில் ஒரு பங்கு வலப்பக்கக் குழியில் சிக்கிக் கிடக்கும். வண்டியை இடப்பக்கமாக நன்றாகச் சாய்த்து நிமிர்த்து, அது மேடு தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். முழங்காலுக்கு ஆகாது என்றால் யாரையாவது பிடிக்கச் சொல்.

பெட்ரோல் நிரப்பிய கையோடு டேப்பை ஆனுக்குத் திருப்புகிறாயா? அதை மட்டும் எனக்குத் தனியாக எழுது. ரிசர்விலேயே விட்டு ஓட்டினால் அடுத்த முறை பெட்ரோல் குறையும்போது டேப்பைத் திருப்ப இடமே இருக்காது. உன் அப்பா குனிந்து தொட்டுப் பார்த்தது இதைத்தான் என்று இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் எனக்குப் பட்டது.

ஆனில் எவ்வளவு, ரிசர்வில் எவ்வளவு, இரண்டு அளவையும் குறித்து அனுப்பு. வடித்த பெட்ரோலில் தண்ணீர் இருந்ததா என்றும் சொல். தண்ணீர் என்றால் கிண்ணத்தின் அடித் திருகையும் கழற்றி வடிக்க வேண்டும், அதை எப்படிச் செய்வது என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பின்னிருக்கை நண்பன்