மார்கழியில் பறித்து மாசிக்குள் அழுகிய அரசாணிக்காய்கள் பற்றி

வாடிக்கையாளர் அன்பர்களுக்கு வணக்கம்.

போன ஆடிப் பட்டத்துக்கு எங்கள் கடையில் அரசாணி விதை வாங்கியவர்கள் பலர் கார்த்திகை, மார்கழியில் காய் பறித்துப் படம் அனுப்பினீர்கள். சந்தோஷமாக அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டினோம். தை பாதியில் வேறு மாதிரிப் படங்கள் வரத் தொடங்கின. காம்பைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சை, தரையில் பட்ட பக்கம் கன்றிப்போன வட்டம், ஒரு காயில் விரல் வைத்தால் உள்ளேயே போகிறது. "ஆறு மாசம் தாங்கும்னு சொல்லித்தானே வித்தீங்க?" என்று ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். எங்கள் கொங்குப் பக்கத்தில் அரசாணிக்காய் என்பதைத்தான் தஞ்சாவூர்க்காரர்கள் பரங்கிக்காய் என்கிறார்கள், சென்னையில் மஞ்சள் பூசணி. சாம்பல் பூத்த வெண்பூசணி, அதாவது கல்யாணப் பூசணி, வேறு இனம். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது, இரண்டையும் வைத்துக் காக்கும் முறையும் கொஞ்சம் வேறு. வெண்பூசணிக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது எங்கள் தவறு. விதை உறையில் "120 நாளில் அறுவடை" என்று பொதுவாக அச்சடித்துவிட்டோம். நீங்களும் நாட்காட்டியில் குறித்து வைத்து, 120ஆம் நாள் கத்தியோடு போயிருக்கிறீர்கள். ரகத்துக்கு ரகம் நாள் மாறும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் ஏழெட்டுக் கிலோ காய்க்கும், அதற்கு 175 நாள் ஆகும். அதே இடத்திலிருந்து வந்த கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோதான், 135 நாளில் முடிந்துவிடும். நாட்டு ரகங்களுக்கு இப்படி அறுதியிட்ட கணக்கே கிடையாது. அதைவிட முக்கியம், ஒரே கொடியில் முதல் பிஞ்சுக்கும் மூன்றாவது பிஞ்சுக்கும் மூன்று வாரம் இடைவெளி இருக்கும். மாடியில் பையில் வளர்ந்த கொடி இன்னும் மெதுவாக நடக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்தால் பாதி முற்றல், பாதி இளசு. பொரியலுக்கு இளசு நல்லது, வைத்துச் சாப்பிட ஆகாது.

அழுகிய காய்களின் படங்களை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பெரும்பாலானவற்றில் காம்பு பச்சையாக இருந்தது, அல்லது காம்பே இல்லை. எங்கே வைத்தீர்கள் என்பதைவிட, எந்த நிலையில், எப்படிப் பறித்தீர்கள் என்பதுதான் காயின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது.

காம்பு என்பது காயின் மூடி. முற்றிய காயில் அது பச்சை மாறி, தக்கை மாதிரி வறண்டு, கோடு கோடாக வெடித்திருக்கும். பச்சைக் காம்பில் சாறு ஓடிக்கொண்டிருக்கும். வெட்டியபின் அது சுருங்கும், சுருங்கினால் காய்க்கும் காம்புக்கும் நடுவே சந்து விழும், பூஞ்சை அந்த வழியாகத்தான் நுழைகிறது. அதனால் காம்பு வறண்டதா, பக்கத்துச் சுருள்கொடி காய்ந்ததா, தரையைத் தொட்ட பக்கம் வெளிறல் போய் மஞ்சளேறியதா என்று மூன்றையும் பாருங்கள். நகத்தால் லேசாக அழுத்தினால் தடம் விழக் கூடாது. லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் தினமும் காலையில் சோதித்துச் சோதித்துக் காய் முழுக்கப் பிறை பிறையாகக் கீறி வைத்திருந்தார். அந்தக் கீறல் வழியாகவே அழுகல் இறங்கியது.

பறிக்கும்போது திருகாதீர்கள். கூரான கத்தியால், காயோடு நாலு விரல் நீளக் காம்பு நிற்கும்படி வெட்டுங்கள். தூக்கும்போது அடியில் கை கொடுங்கள், காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இதிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. "காயோடு படம் அனுப்புங்கள்" என்று கேட்டது நாங்கள்தான். சுவரில் ஒட்டிய படங்களில் முக்கால்வாசிப் பேர், குழந்தைகள் உட்பட, காயைக் காம்பில் பிடித்துத் தொங்கவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். காம்பு ஒடிந்த காய் கெட்டுப்போனது அல்ல, ஆனால் அதை முதல் வாரமே சமைத்துவிடுங்கள்.

அப்புறம், பறித்த கையோடு உள்ளே கொண்டுபோய் அடுக்கக் கூடாது. தோல் இறுக, சின்னச் சின்னச் சிராய்ப்பு ஆற, பத்து நாள் வேண்டும். குளிர் நாடுகளில் இதற்கு அறையை 27, 28 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை, சூடு சும்மாவே கிடைக்கிறது. நம் சிக்கல் வேறு, அது பட்டத்தைப் பொறுத்து மாறும்.

ஆடிப் பட்டத்துக் காய் முற்றுவது சரியாக வடகிழக்குப் பருவமழையில். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஈரம், காற்று ஈரம், காய்மேல் சேறு. மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்துப் பறிக்க முடிந்தால் நல்லது. கொடி காய்ந்துவிட்டது, மழையும் விடுவதாக இல்லை என்றால் காத்திருக்காமல் பறித்து, சேற்றை உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறி ஓடும் அறையில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வையுங்கள். குழாயடியில் வைத்துக் கழுவ வேண்டாம். கழுவியே ஆக வேண்டிய அளவுக்குச் சேறு என்றால், காம்புக் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தங்காமல் துடைத்துவிடுங்கள். இந்த வருஷம் வந்த புகார்களில் கடலூர், நாகப்பட்டினம், சென்னை முகவரிகளே அதிகம். கடலோரத்து ஈரக்காற்றில் அது ஆச்சரியமில்லை.

தைப் பட்டத்துக் காய் சித்திரை, வைகாசியில் வரும். அதற்கு ஈரப் பயம் இல்லை, வெயில் பயம் உண்டு. அந்த வெயிலில் மொட்டை மாடியில் காய வைத்தால் தோல் வெந்து வெளுத்துவிடும், வெந்த இடத்தில் பிறகு அழுகும். திண்ணையோ மரநிழலோ போதும்.

வைக்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெறும் சிமென்ட் தரை வேண்டாம், மழைக்காலத்தில் அது வியர்க்கும். பலகைமேல் வைக்கோலோ மடித்த சாக்கோ போட்டு, ஒற்றை அடுக்காக வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. பக்கத்தில் வாழைத்தார், மாம்பழம் பழுக்கப் போடாதீர்கள், பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு காம்பை உதிர்த்துவிடும். எங்கள் பாட்டி வீட்டில் உறியில் கட்டிச் சமையலறைக் கூரையில் தொங்கவிடுவார்கள். சுற்றிலும் காற்று, கீழே விறகடுப்பின் உலர்ந்த சூடு, எலிக்கும் எட்டாது. அதே நினைப்பில் இன்று கேஸ் அடுப்புக்கு மேலே உள்ள பரணில் அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குக்கர் ஆவி முழுக்க அங்கேதான் போய்த் தங்குகிறது. வேண்டாம்.

முழுக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்டீர்கள். வைக்காதீர்கள். இந்தக் காய்க்குப் பிடித்தது 10 முதல் 15 டிகிரி. பெட்டிக்குள் இருப்பது நாலைந்து டிகிரி, சில வாரம் அதில் கிடந்தால் தோலில் நீர்கோத்த குழிகள் விழும், வெளியே எடுத்ததும் அழுகும். வெட்டிய துண்டு வேறு கதை, விதையையும் நாரையும் வழித்து எடுத்துவிட்டு நாலு நாள் உள்ளே வைக்கலாம். அந்த நார்ப்பகுதிதான் முதலில் கெடும்.

சரி, ஆறு மாதக் கணக்கு? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது நடக்கலாம். சமவெளியில், 30 டிகிரிக்கு மேல் இருக்கும் வீட்டில், நன்றாக முற்றிய மஞ்சள் பூசணிக்கு இரண்டு மூன்று மாதம் என்று எதிர்பாருங்கள். அதற்கு மேல் இருந்தால் லாபம். உறையில் இருந்த அந்த வரியையும் எடுத்துவிட்டோம்.

வாரம் ஒரு நாள் எல்லாக் காயையும் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஒன்று கசிந்தால் அன்றைக்கே அகற்றுங்கள். வெளியே பளபளவென்று இருந்து உள்ளே புழுத்துப் போனதாகச் சொன்னவர்களுக்கு: அது பழ ஈயின் வேலை. பிஞ்சிலேயே குத்தி முட்டை வைத்துவிடும். தோலில் ஊசி முனையளவு துளையும் அதில் காய்ந்த பிசின் துளியும் தெரிந்தால் அந்தக் காயைச் சேமிப்பில் சேர்க்காதீர்கள்.

பறித்த அன்றே வெட்டி "சப்பென்று இருக்கிறது" என்று எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நாலு வாரம் வைத்துப் பாருங்கள், மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறும், புளிக்குழம்பில் போட்டால் வித்தியாசம் தெரியும். ரொம்ப நாள் வைத்தாலும் ருசி இறங்கும், சதை நார்நாராகிவிடும். வெட்டும்போது உள்ளே விதை முளைத்திருந்தால் பயப்பட வேண்டாம், சதை கெட்டியாக இருந்தால் சமைக்கலாம். ஆனால் கசந்தால் ஒரு வாய்கூடச் சாப்பிடாதீர்கள், அப்படியே குப்பைக்கு. அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. அந்தக் காயின் விதையையும் எடுத்து வைக்காதீர்கள், எங்களுக்குத் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

வெண்பூசணிக்கு இவ்வளவு பாடு இல்லை. இளசில் இருக்கும் ரோமம் உதிர்ந்து, சாம்பல் முழுக்கப் பூத்தபின் பறித்தால் நாலைந்து மாதம் சாதாரணமாக இருக்கும். அந்தச் சாம்பல் உண்மையில் மெழுகு, ஈரத்தையும் பூஞ்சையையும் அதுதான் தடுக்கிறது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய ஒருவரின் காய்தான் இந்த வருஷம் முதலில் போனது. புதுக்கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய பூசணி வாரக்கணக்கில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முற்றல், முழுக்காம்பு, நாலு பக்கமும் காற்று, அவ்வளவுதான். மீந்ததைத் துருவிப் பிழிந்து உளுந்தோடு சேர்த்துப் பங்குனி வெயிலில் வடகம் போட்டுவிடலாம்.

120 நாள் என்று அச்சிட்ட உறையை வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்தால், வரும் ஆடிக்கு அதே அளவு விதை இலவசமாகத் தருகிறோம். வெளியூர்க்காரர்கள் உறையைப் படமெடுத்து அனுப்பினால் போதும், கூரியர் செலவும் எங்களுடையது. உறை தொலைந்துபோயிருந்தால் அழுகிய காயின் படத்தையே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் விதைக்கடை