கச்சால் கப்பல் தோழர்களுக்கு என் கடிதங்களைச் சேர்ப்பிக்க வேண்டி நான்காவது மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற இந்தியக் கடற்படை மாலுமி (வயது 76),
மேலத்தெரு, ரேஷன் கடைக்கு எதிர்வீடு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: 1971 போரில் உடன் பணியாற்றியவர்களுக்கும் கடலிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் நான் எழுதிய கடிதங்களைக் கடற்படை ஆவணப் பிரிவு வழியாக அனுப்பிவைக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 22.08.2022, 12.06.2023, 09.12.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று மனுக்களையும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று நேரில் கொடுத்தேன். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது; பதில் ஒன்றுக்கும் இல்லை. தங்கள் வளாகத்திலேயே வேப்பமரத்தை ஒட்டியுள்ள அலுவலகத்துக்கு அவை அனுப்பப்பட்டதாகச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தின் படிகள் எவ்வளவு உயரம் என்பது தாங்கள் அறியாததல்ல. மூட்டுவலியோடு அவற்றில் ஏறி இறங்கியதுதான் எனக்கு மிச்சம்.

1. நான் ஐ.என்.எஸ். கச்சால் கப்பலில் பணியாற்றியவன். 1971 டிசம்பர் 4 இரவு நிர்காட், நிபாட், வீர் ஆகிய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கியபோது, கில்தானும் எங்கள் கப்பலும் அவற்றுக்குத் துணையாகச் சென்றன. அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம்.

2. டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு போனார்கள். உயிர் பிழைத்த 67 பேரை மறுநாள் எங்கள் கப்பல் ஏற்றிக்கொண்டது. அவர்களில் ஒருவரை மணிக்கட்டைப் பிடித்து நான் மேலே இழுத்தேன். உடம்பெல்லாம் எண்ணெய் என்பதால் இரண்டு முறை கை நழுவியது. காட்டன் வேஸ்ட்டை டீசலில் நனைத்து முகத்தைத் துடைத்த பிறகுதான் அவருக்கு என் வயதுகூட இராது என்று தெரிந்தது. விரல்கள் விறைத்திருந்ததால் தேநீர்க் குவளையை நானே அவர் வாயில் வைத்துப் புகட்டினேன். கேரளத்துக்காரர் என்று நினைக்கிறேன், நான் தமிழில் பேசியதைக் கேட்டு, "அண்ணா, அவன் ஏறிட்டானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. "ஏறிட்டான், நீ குடி" என்று சொல்லிவிட்டேன். கரை சேர்ந்ததும் அவரைத் தனியே அழைத்துப் போய்விட்டார்கள். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாமல் சொன்ன அந்தச் சொல்லுக்காக அவரிடம் ஒரு முறை பேச வேண்டும் என்பதைத் தவிர இந்த வயதில் எனக்கு அரசிடம் கேட்க வேறொன்றும் இல்லை. ஓய்வூதியம் முறையாக வருகிறது. பணம் கேட்கவில்லை, பட்டா கேட்கவில்லை, பதக்கமும் கேட்கவில்லை.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முகவரிகளைக் கேட்டபோது, தனிநபர் விவரம் என்று மறுத்தார்கள். அது நியாயமே. ஆகவேதான் முகவரியைக் கேட்காமல், என் கடிதங்களை மட்டும் மும்பை மான்குர்த்தில் உள்ள மாலுமிகள் ஆவணப் பிரிவுக்கு ஒரு முகப்புக் கடிதத்தோடு அனுப்புங்கள், அவர்களே உரியவர்களுக்குச் சேர்க்கட்டும், விருப்பமுள்ளவர் எனக்கு எழுதட்டும் என்று 2022 முதல் மன்றாடுகிறேன். ஒரு பக்கக் கடிதம் ஐயா. அதற்கு மூன்று ஆண்டுகளா?

4. இதை எழுதவே கை வரவில்லை. ஆவணப் பிரிவின் உதவி கிடைக்காததால், 1974இல் நான் குறித்துவைத்த பழைய டைரியிலிருந்த பதினோரு முகவரிகளுக்கு நானே எழுதிப் போட்டேன். ஒன்பது உறைகள் "பெறுநர் இல்லை" என்ற குறிப்போடு திரும்பின. ஒன்றுக்குப் பதிலே இல்லை. கடைசி ஒன்று, கச்சாலில் எனக்கு மேல்படுக்கையில் படுத்திருந்த ஸ்ரீகாகுளத்துத் தோழருடையது. ஊர் ஊராகச் சுற்றி அவர் மகன் கையில் சேர்ந்திருக்கிறது. மகன் தெலுங்கில் எழுதிய பதிலைக் கடைத்தெரு தையல்காரர்தான் எனக்குப் படித்துச் சொன்னார். தந்தை 2023 மார்ச்சில் இறந்துவிட்டாராம். கடைசி வரை கப்பல் பேச்சுத்தானாம். "மெட்ராஸ்காரன் எங்கே இருக்கிறானோ" என்பாராம். என் முதல் மனு 2022 ஆகஸ்டில் கொடுத்தது. ஏழு மாதம், ஐயா! அந்த ஏழு மாதத்தில் யாராவது அந்தக் கோப்பைத் திறந்திருந்தால் நான் ரயிலேறிப் போய் அவரைப் பார்த்திருப்பேன். கோப்பு எந்த மேசையில் இருந்தது என்று இன்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை. மரியாதை தவறி எழுதுவதாகத் தாங்கள் கருதினால் பொறுத்தருள வேண்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

5. குக்ரியிலிருந்து வந்த அந்தத் தம்பியும் எழுபதைத் தாண்டியிருப்பார்.

பெயர் தெரியாத அவருக்கு "10.12.1971 அன்று கச்சாலில் ஏற்றப்பட்ட குக்ரி மாலுமிகள்" என்று மேலெழுதிய ஓர் உறையும், கச்சால் தோழர்களுக்குப் பெயரும் பணிப்பொறுப்பும் குறித்த ஒன்பது உறைகளும் இத்துடன் உள்ளன. தபால்தலை நானே ஒட்டிவிட்டேன். தாங்கள் கையொப்பமிட வேண்டிய முகப்புக் கடிதத்தின் வரைவையும் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். இம்முறையாவது கீழே அனுப்பிவிடாமல், தாங்களே ஒரு முறை படித்துப் பார்த்து, மான்குர்த்துக்கு அனுப்பிவைக்கும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அனுப்ப இயலாதென்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். நானே உறைகளைத் தூக்கிக்கொண்டு மும்பைக்குப் புறப்படுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மாலுமி, ஐ.என்.எஸ். கச்சால்

இணைப்பு: மனு ரசீதுகள் 3, கடித உறைகள் 10, முகப்புக் கடித வரைவு 1.