பந்தய அட்டையில் நிரப்பு என்று எதுவும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குதிரைப் பந்தயம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, ஒரு நாளின் முதன்மைப் பந்தயத்தை மட்டும் விரிவாகப் பேசிவிட்டு, மற்றவற்றை 'இடத்தை நிரப்பும் பந்தயங்கள்' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. ஒரு நாளின் பந்தயங்களை வரிசைப்படுத்தித் தரும் பட்டியலான பந்தய அட்டை உருவாகும் விதத்தை அறிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

அமெரிக்கத் திடல்களில், பந்தயச் செயலர் எனப்படும் அதிகாரி, ஒவ்வொரு பந்தயத்தின் தூரம், குதிரைகளின் வயது, தகுதி, பரிசுத்தொகை ஆகியவற்றைக் குறித்த நிபந்தனைப் புத்தகத்தை முன்கூட்டியே வெளியிடுகிறார். லாயங்களில் அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் குதிரைகள் போதிய எண்ணிக்கையில் பதிவாகவில்லையென்றால் அந்தப் பந்தயம் கைவிடப்பட்டு, வேறொன்று அதன் இடத்தில் வருகிறது. ஆகவே, அட்டை என்பது செயலரின் விருப்பமும் லாயங்களின் நிலவரமும் சந்திக்கும் இடம்.

கட்டுரையாளர் அலட்சியப்படுத்திய கிளெய்மிங் பந்தயங்களே அங்கு அன்றாட அட்டையின் பெரும்பகுதி. அவற்றில் ஓடும் எந்தக் குதிரையையும், உரிமம் பெற்ற ஒருவர், பந்தயத்துக்கு முன்பே விண்ணப்பித்து, அறிவிக்கப்பட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எளிதில் வென்றுவிடலாம் என்று தரமான குதிரையை மலிவான பந்தயத்தில் இறக்கும் உரிமையாளர், பரிசோடு திரும்பினாலும் குதிரையோடு திரும்புவார் என்பதற்கு உறுதியில்லை. கண்காணிப்பாளர் எவரும் தேவைப்படாமல், சமமான குதிரைகளை ஒன்றாகச் சேர்க்கும் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை நான் வியக்காத நாளில்லை. ஹாங்காங்கில் இதே நோக்கம், மதிப்பீட்டுப் புள்ளிகளின்படி குதிரைகளை வகுப்புகளாகப் பிரித்து, வலியவற்றின் மீது கூடுதல் எடை ஏற்றும் ஹாண்டிகேப் முறையால் நிறைவேறுகிறது.

வரிசையும் தற்செயலானதன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பி அன்றைய கடைசிப் பந்தயமாக நடப்பதில்லை. அதற்குப் பின்னும் பந்தயங்கள் உண்டு. கடைசிப் பந்தயத்தில் குதிரைகள் நிறைந்திருந்தால்தான் பந்தயம் கட்டுவோர் இறுதிவரை இருப்பார்கள், தொடர்ச்சியான பல பந்தயங்களின் வெற்றியாளரைக் கணிக்கும் ஜாக்பாட் வகைப் பந்தயத் தொகையும் பெருகும் என்பது திடல்களின் கணக்கு. ஐந்தே குதிரைகள் ஓடும் பந்தயத்தை அந்த இடத்தில் வைக்க எந்தச் செயலரும் தயங்குவார். பணம் மட்டுமே நேரத்தைத் தீர்மானிப்பதும் இல்லை. இங்கிலாந்தின் ஏன்ட்ரீ திடலில் நடக்கும் தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனல் 2024 முதல் மாலை 5.15-க்குப் பதிலாக 4 மணிக்குத் தொடங்குவதற்கு, ஓடுதளம் உலர்ந்து இறுகுவதற்கு முன் ஓட்டிவிட வேண்டும் என்ற பாதுகாப்புக் கருத்தும் ஒரு காரணம். அதே ஆண்டில் குதிரைகளின் உச்ச எண்ணிக்கையும் 40-லிருந்து 34-ஆகக் குறைக்கப்பட்டது.

இனி பந்தய அட்டையை வெளியிடும்போது, நேரத்தையும் குதிரைகளின் பெயர்களையும் தருவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பந்தயத்தின் வகுப்பையும் நிபந்தனையையும் சுமக்கும் எடையையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாதென்றால், தொப்பி அணிந்த பார்வையாளர்களின் படங்களில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்