ஒரு கட்டைவிரலுக்கு நன்றி

அன்புள்ள பழைய தோழர்களுக்கும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்த பிள்ளைகளுக்கும்,

வணக்கம். மலேசியத் தொலைக்காட்சியில் அந்தக் காலத்தில் ஒன்றாக வேலை செய்த நாம் போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூடினோமே, அங்கேயே நன்றி சொல்லியிருக்க வேண்டியவள் நான். மைக்கைக் கையில் கொடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் அன்றைக்கு ஓடியாடி வேலை செய்தவர்களுக்கு. வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களை வாங்கி, நகலெடுத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த இரண்டு தம்பிகளுக்கு நன்றி. பினாங்கிலிருந்து பஸ்ஸில் வந்த அக்கா, ஆல்பத்தை வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தாராம், அவருக்கும் நன்றி. அப்புறம், காலமான ஒளிப்பதிவாளர் அண்ணனின் மகன், அப்பா சொந்தக் காசில் வாங்கிய சாவி கேமராவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சாவியைத் திருகி அழுத்தியதும் கிர்ரென்று ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தோம். ஒரு முறை சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட முழுதாக ஓடாது. அதற்குள் அமைச்சர் காரிலிருந்து இறங்கி மாலை வாங்கிவிட வேண்டும்.

பிள்ளைகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பாட்டி, நீங்க டிவியில என்ன செஞ்சீங்க?"

கார்டு எழுதினேன். கறுப்பு அட்டையில் வெள்ளைச் சாயத்தால் தமிழில் எழுதித் தரவேண்டும். அதைத் தாங்கியில் நிறுத்திக் கேமராவைத் திருப்புவார்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், "செய்திகள்", "வணக்கம்", எல்லாம் என் கை எழுதியதுதான். 1963 டிசம்பர் 28-ல் அன்றைய பிரதமர் துங்கு தொடங்கிவைத்த ஒளிபரப்பு அது. ஜாலான் அம்பாங்கில் இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில்தான் முதல் நிலையம். இன்றைக்கு அங்கே சுற்றுலாத் தகவல் மையம். நான் சேர்ந்தது 1965-ல், பத்தொன்பது வயதில், செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து.

தமிழ் எழுத்துக்குப் புள்ளி எவ்வளவு முக்கியம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, டிவிதான். அலை சரியாகக் கிடைக்காத வீடுகளில் படத்தில் மணல் கொட்டும். அந்த மணலில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'கல்' என்று எழுதினால் 'கல' என்று தெரியும். ஒரு தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) இதைக் கடிதம் போட்டே கேட்டார். அதற்குப் பிறகு என் புள்ளிகள் மிளகு அளவுக்குப் பெருத்துவிட்டன. தும்பிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் அப்போது உண்டு. அவை இடத்தை அடைத்துக்கொள்ளும். ஊர்ப்பெயர் நீளமாக வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தெலுக் அன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) ஒரு வரியில் அடங்கவே அடங்காது.

இதில் எனக்குத் துணை நின்றவர் டைப்பிஸ்ட் அக்கா. ஊர்ப்பெயர் ஈப்போவா இப்போவா என்று கேட்டால், தட்டுவதை நிறுத்தாமலே, "நெடில் போடு" என்பார். செய்தி கைக்கு வந்து ஒளிபரப்பாகிற வரைக்கும் அவர் தண்ணீர்கூடக் குடித்து நான் பார்த்ததில்லை. அவர் இப்போது நம்மிடையே இல்லை. ஆனாலும் அந்த நெடிலுக்கு நன்றி.

பிலிம் கழுவும் சீன அங்கிளுக்கு நன்றி. படம் மாலையில் வந்து சேரும். கழுவி, உலர்த்தி, வெட்டி, ஒட்டி, இரவுச் செய்திக்குள் தயாராக வேண்டும். 100 அடிச் சுருள் 2 நிமிடம் 40 நொடிதான் ஓடும். ஒலி இல்லாத படம். வாசிப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். படம் முந்திவிட்டால் வாசிப்பை விரைவுபடுத்தவும், செய்தி முந்திவிட்டால் இழுக்கவும் வேண்டும். அங்கிள் வெளியே வந்தால் அவர் சட்டையிலிருந்து மருந்து வாடை வரும். பிள்ளைகள் கிட்டே வரமாட்டார்கள் என்று சிரிப்பார்.

டிரைவர் அண்ணனை என் அம்மா சாகும்வரை மறக்கவில்லை. 1969 மே 13-ல் இனக் கலவரம் வெடித்ததும் ஊரடங்குச் சட்டம் வந்தது. பணியில் இருந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டோம். வீட்டில் தொலைபேசி கிடையாது. பாஸ் வைத்திருந்த அவர், செய்திப் பிரிவு வேலையாகச் செந்தூல் பக்கம் போனபோது, குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி, "தங்கச்சி நல்லா இருக்கு, சாப்பிடுது" என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா கொடுத்தனுப்பிய தூக்குச் சட்டியில் சோறும் ஊறுகாயும் இருந்தன. அதை ஏழெட்டுப் பேர் பகிர்ந்து சாப்பிட்டோம். மலாய்க்காரர், சீனர், நாங்கள், எல்லாரும். அதைப் பற்றி அப்போது யாரும் எதுவும் பேசவில்லை. இப்போதும் அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த அக்டோபரில் அங்காசாபுரி என்ற புதிய ஒளிபரப்பு நிலையத்துக்கு மாறினோம், நவம்பர் 17-ல் இரண்டாவது அலைவரிசை வந்தது, 1978-ல் வண்ணம் வந்தது. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இனி கட்டைவிரலுக்கு வருகிறேன்.

ஒரு தீபாவளி. வாழ்த்து அட்டையை நான்தான் தாமதமாக எழுதினேன். ஒளிபரப்புக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சாயம் இன்னும் ஈரம். நிறுத்தினால் வழிந்துவிடும். எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்குப் பிரிவில் இருந்த மலாய் அபாங் (அண்ணன்) ஒன்றும் கேட்காமல் அட்டையை வாங்கி, பெரிய விளக்குக்கு முன்னால் பிடித்தார். சாயம் காய்ந்தது, ஆனால் சூட்டில் அட்டை அப்பளம்போல் வளைந்துவிட்டது. தாங்கியில் நிற்காது. அவர் அதைத் தட்டையாக அழுத்திப் பிடித்தபடி கேமராவுக்கு முன்னால் மண்டியிட்டார். 'தீபாவளி நல்வாழ்த்து' என்ற என் எழுத்துக்குக் கீழே, வலது மூலையில், அவருடைய கட்டைவிரல் கொழுகொழுவென்று தெரிந்தது. வாழ்த்து முடியும்வரை அசையவே இல்லை. அப்புறம் பார்த்தால் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. கேன்டீன் மக்சிக் (மலாய் அத்தை) தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

நிகழ்ச்சி முடிவில் பெயர் போட மூன்று கார்டுக்குத்தான் நேரம் இருக்கும். யாரையும் குறை சொல்லவில்லை, கணக்கு அப்படி. தயாரிப்பாளர், இசை, அறிவிப்பாளர் என்று எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். ஆயிரக்கணக்கில் கார்டு எழுதிய நான், மேலே சொன்ன ஒருவர் பெயரைக்கூட எழுதியதில்லை. அபாங்குக்கு அந்தக் கட்டைவிரலாவது கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வந்திருந்தாள், உங்களில் பலர் கவனித்திருக்கமாட்டீர்கள். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. வீட்டில் அவர் சொல்லும் கதையே வேறாம்: "நான் தமிழ் நிகழ்ச்சியில் நடித்திருக்கிறேன்" என்பாராம். யாரும் நம்பியதில்லை. நான் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பெயரைத் தமிழில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டாள். தம்பி ஒருவர் எதிர்க்கடைக்கு ஓடிக் கறுப்பு அட்டையும் வெள்ளைச் சாயமும் வாங்கிவந்தார் (அந்தக் காசை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை, தம்பி, வீட்டுக்கு வா). கை நடுங்குகிறது எனக்கு. முதல் அட்டை கெட்டுப்போனது. இரண்டாவது சரியாக வந்தது, புள்ளிகள் பழைய மிளகு அளவில்.

காய்கிறவரைக்கும் கீழே வை என்றேன். அவள் கேட்கவில்லை. சுவரோரம் சுழன்றுகொண்டிருந்த காற்றாடிக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் பாயசம் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து உங்கள் கார்டு அக்கா