நல்லாத்தானே ஓடுது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கணினிப் பாதுகாப்புக் கட்டுரையைப் படித்தேன். கடவுச்சொல்லைப் பலமாக வையுங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதோடு முடித்துவிட்டீர்கள். எல்லாப் பழியும் பயன்படுத்துகிறவர் தலையில். கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு சொசைட்டிகளுக்கும் கடைகளுக்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பவன் நான். நான் பார்த்த வரையில் கதவு திறந்து கிடப்பது வேறு இடத்தில்: புதுப்பிக்காமல் ஓடும் பழைய சாஃப்ட்வேரில்.

எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் ஒரு பால் சொசைட்டி. பெயர் வேண்டாம். காலை ஐந்தரைக்கு வரிசை நிற்கும். பாலை அளந்து, கொழுப்பு பார்த்து, சீட்டு அடித்துக் கொடுப்பார்கள். கணக்கெல்லாம் விண்டோஸ் கணினியில் சாம்ப் (இணைய சர்வர், பிஎச்பி எல்லாம் ஒரே கட்டாக வரும் தொகுப்பு) போட்டு, அதன் மேல் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய சாஃப்ட்வேர். பிஎச்பி 5.6. அந்தப் பதிப்பு வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றுபோனது. செயலாளர் வீட்டிலிருந்தே போனில் கணக்குப் பார்க்கட்டும் என்று யாரோ அந்தக் கணினியை இணையத்துக்கும் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டு முறை சொன்னேன். “நல்லாத்தானே ஓடுதுங்க, எதுக்குங்க நோண்டோணும்?” என்றார் செயலாளர்.

ஒரு நாள் காலை ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஒரு வால். பிட்காயினில் பணம் கேட்டு ஒரு கடிதம். எந்த ஓட்டை வழியாக வந்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதைக் காட்டியிருக்க வேண்டிய லாக்கும் (யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவு) பூட்டிக் கிடந்தது. பத்து நாள் பால் கணக்கை உறுப்பினர்களிடம் சீட்டு வாங்கித்தான் திரும்ப ஏற்றினோம். அந்தத் தாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஒரு பாட்டி மட்டும் எல்லாச் சீட்டையும் கம்பியில் குத்தி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருட்டில் வைத்திருந்தார். அந்த ஊரில் ஒழுங்கான பேக்கப் அது ஒன்றுதான்.

சாம்ப், பிஎச்பி என்று சொல்லும்போது 2024 ஜூனில் வெளிவந்த ஓட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் வேர் 2012இல் இருக்கிறது. சிஜிஐ முறையில் (வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் பிஎச்பியைத் தனியாக ஓட்டும் முறை) ஓடும் பிஎச்பிக்கு, இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் ஒரு ஹைபன் (-) போட்டு எதையாவது அனுப்பினால், அதைத் தனக்கு வந்த கட்டளை என்றே எடுத்துக்கொண்டது. சரி, ஹைபனில் தொடங்குவதை உள்ளே விடாதே என்று அடைத்தார்கள். 12 வருடம் கழித்து, தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் வேறொன்றைக் கண்டுபிடித்தார். வார்த்தை எங்கே மடங்கலாம் என்று காட்டுவதற்கென்றே மென்ஹைபன் என்று ஓர் எழுத்து உண்டு. வாசலில் பார்க்கும்போது அது ஹைபன் இல்லை. விண்டோஸ் அதை உள்ளே அனுப்பும்போது ‘கிட்டத்தட்ட இதுதான்’ என்று சாதாரண ஹைபனாக மாற்றிவிடுகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம்: செக்போஸ்ட்டில் மாட்டுத்தீவனம் என்று காட்டிய மூட்டை, தாண்டி வந்து பிரித்தால் ரேஷன் அரிசி.

சீன, ஜப்பானிய மொழி விண்டோஸில்தான் இது நிரூபிக்கப்பட்டது, நமக்கு என்ன என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மற்ற மொழிகளில் ஆகாது என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் கண்டுபிடித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். விண்டோஸில் சாம்ப்பை நிறுவியபடியே விட்டிருந்தால் ஆபத்து என்றும் சொன்னார்கள். 2024 ஜூன் 6ஆம் தேதி பிஎச்பியின் 8.3.8, 8.2.20, 8.1.29 ஆகிய பதிப்புகளில் திருத்தம் வந்தது. ஓரிரு நாளிலேயே ஃபைல்களைப் பூட்டும் கும்பல் ஒன்று இதே வழியில் புகுந்தது. திருத்தம் வெளியானதுமே ஓட்டை எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. 5.6 போன்ற பழைய வரிசைகளுக்கோ திருத்தமே வரவில்லை.

அப்டேட் என்றாலே எல்லாம் உடைந்துவிடும் என்ற பயத்தில் பாதி நியாயம் உண்டு. 8.2.19இலிருந்து 8.2.20க்குப் போவது பெரும்பாலும் பத்து நிமிட வேலை. 5.6இலிருந்து 8க்குப் போவது அப்படியல்ல. கணக்கைச் சேமிக்கும் மைசீக்வல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைகளையே 7.0இல் எடுத்துவிட்டதால், புரோகிராமைத் திறந்து மாற்றி எழுத வேண்டும். அதற்குக் கூலி யார் தருவார்? செய்து கொடுத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஒப்பந்தத்தில் பராமரிப்பு என்று ஒரு வரி கிடையாது. (நானும் முதல் சில வருடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.)

சொசைட்டி ஆடிட்டில் டீச்செலவு வரைக்கும் பில் கேட்கிறார்கள். கூடவே, இந்த சாஃப்ட்வேர் எந்தப் பதிப்பில் ஓடுகிறது, அதற்குத் திருத்தம் வருவது எப்போது நிற்கும் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், செயலாளர்களே எங்களைக் கூப்பிடுவார்கள். நீங்களும் தங்கம் விலை போடும் பக்கத்தில் மாதம் ஒரு முறை நாலு வரி ஒதுக்கி, எந்தெந்தப் பதிப்புக்கு ஆயுள் முடிகிறது என்று போடலாம்.

அந்தச் சொசைட்டியில் இப்போது புதிய பதிப்பு ஓடுகிறது. வெளியே திறந்திருந்த வழியையும் மூடியாயிற்று. நாளை பக்கத்து ஊரில் இன்னொன்று. காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில் ஆறு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்