ராணி வீட்டு மாப்பிள்ளை

கோபன்ஹேகன்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். நீங்களும் வாப்பாவும் தங்கச்சியும் நலமா? தொதல் பார்சல் வந்து சேர்ந்தது. கூட வேலை பார்க்கும் டென்மார்க்காரனுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். பல்லில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை அவனுக்கு. குளிரைப் பற்றிப் போன கடிதத்திலேயே புலம்பிவிட்டேன், இந்தத் தடவை வேண்டாம்.

தங்கச்சி சம்பந்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் வெளியூர் என்பதால் "எங்க பையன் பொண்ணு வீட்ல வந்து இருக்கணுமா?" என்று இழுக்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கூட்டி வருவது நமக்குப் பழக்கம். மற்ற ஊர்க்காரர்களுக்கு வீட்டோடு மாப்பிள்ளை என்றாலே முகம் சுருங்கிவிடுகிறது. படித்ததும் எனக்கு இந்த ஊர் அரண்மனைக் கதைதான் ஞாபகம் வந்தது.

இங்கே மார்கரேட்டா என்று ஒரு ராணி 52 வருஷம் ஆண்டார். 1967இல் ஹென்றி என்ற பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டார். அவர் சொந்த நாட்டுக் குடியுரிமையை விட்டார், கத்தோலிக்க மதத்திலிருந்து இந்த ஊர் லூத்தரன் சபைக்கு மாறினார், பெயரையும் ஹென்ரிக் என்று மாற்றிக்கொண்டார். அத்தனையும் செய்தவருக்குக் கிடைத்தது இளவரசர் பட்டம்தான். 1972இல் மனைவி ராணியானார். இவர் ராஜா ஆகவில்லை. ராஜாவைக் கட்டிக்கொள்பவள் ராணியாகிவிடலாம், ராணியைக் கட்டிக்கொள்பவன் ராஜாவாக முடியாது. ராஜா என்ற சொல்லுக்கு ராணியைவிட ஒரு படி மேலே மதிப்பு. அதைக் கொடுத்தால் சிம்மாசனத்தில் இருப்பவரைவிட வந்தவர் பெரியவராகத் தெரிவார் என்ற பயம், வேறென்ன.

மனுஷருக்கு இது ஆறவே இல்லை. 2002 புத்தாண்டு விருந்துக்கு ராணி வர முடியாமல் போக, மகனை முன்னே நிறுத்தினார்கள். தன்னை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டதாகக் கோபித்துக்கொண்டு பிரான்சில் இருக்கும் தன் மாளிகைக்குப் போய்விட்டார். வாப்பாவும் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவில் அவங்க உம்மா வீட்டுக்குப் போய்விடுவாரே, அதேதான்! வாப்பா இஷா தொழுகைக்கு அப்புறம் திரும்பிவிடுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

2005இல் 'ராணியின் துணைவரான இளவரசர்' என்று ஒரு பட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். மறு வருஷம், ராணிக்குப் பக்கத்தில் என்னை அடக்கம் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ராஜ குடும்பத்தார் அடங்குகிற ரோஸ்கில்ட தேவாலயத்தில் இருவருக்கும் சேர்த்து இடம் ஏற்பாடாகியிருந்தது, உம்மா. 2018இல் இறந்தபோது அவருடைய அஸ்தியில் பாதியைக் கடலில் கரைத்தார்கள், பாதியை ஓர் அரண்மனைத் தோட்டத்தில் புதைத்தார்கள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

2024 ஜனவரி 14இல் மார்கரேட்டா விலகி மகனுக்கு வழிவிட்டார். நானும் கூட்டத்தில் கால் விறைக்க நின்றேன். மருமகள் மேரி ஆஸ்திரேலியாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாதாரண வீட்டுப் பெண். அன்றைக்கே அவர் ராணி. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமனார் ஐம்பது வருஷம் கேட்டது மருமகளுக்குக் கேட்காமலே வந்தது.

லண்டனில் பிலிப்புக்கும் இதே கதிதான். 1952இல் மனைவி எலிசபெத் ராணியானார். இவருக்கு அந்த நாட்டு இளவரசர் என்ற பட்டமே 1957இல்தான் வந்தது. பக்கத்து ஸ்வீடனில் இன்னும் வேடிக்கை: இளவரசி மேடலினைக் கட்டிய தொழிலதிபர், தன் தொழிலும் குடியுரிமையும் போதும் என்று பட்டத்தையே மறுத்துவிட்டார். எனக்குப் பிடித்தது அந்த ஆள்தான்.

வாப்பாவை நம் தெருவில் இன்றைக்கும் 'மாப்பிள்ளை' என்றுதானே கூப்பிடுகிறார்கள்? அறுபது தாண்டியும் அந்தப் பெயருக்கு அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அந்தப் பையனை ஒரு நாள் வாப்பாவோடு கடற்கரைப் பக்கம் நடக்க அனுப்புங்கள். தரகர் சொல்வதைவிட வாப்பா சொன்னால் எடுபடும். பையனுக்கு உண்மையிலேயே மனசு இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், தங்கச்சியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாடியறை ஜன்னல் கொக்கி உடைந்தே கிடக்கிறது. வெள்ளையடிக்கும்போது அதையும் மாற்றச் சொல்லுங்கள். பணம் முதல் தேதி அனுப்புகிறேன்.

துஆவுடன்,
உங்கள் மகன்